ஏழாவது மஞ்சள் துணி

1

இந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரே சாவுக்கு இரண்டு நினைவு நாள் வந்தது. பஞ்சாங்கத்தின்படி திதி ஒரு நாள், நாட்காட்டியின்படி தேதி இன்னொரு நாள். நடுவில் பதினொரு நாள் இடைவெளி. திதியை நான் எடுத்துக்கொண்டேன். தேதியை என் மகள் எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வசந்தி, ஊர் சாத்தூர். கல்யாணமாகி இந்தக் கேமரன் மலைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அங்கிருந்து போன் செய்பவர்கள் இன்றும், "ஊட்டி மாதிரி இருக்குமாமே?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? சாத்தூரிலிருந்து ஊட்டிக்குக்கூடப் போகாமல் நேராக மலேசியாவுக்கு வந்தவள் நான். குளிர் என்றால் என்ன என்பதையே இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்.

என் கணவர் செல்வராஜ் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஒரு துண்டுக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்குப் போய்விடுவார். போன வருடம், பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் திரும்ப பஸ் ஏற்றி அனுப்பிய ஒரு மத்தியானம், மரக்கன்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. இதை வெட்கப்பட்டும் சொல்லவில்லை, பெருமைப்பட்டும் சொல்லவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி இருக்குமே, ஒரு வருடமாக எனக்கு முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. சமைத்தேன், துவைத்தேன், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டேன். சாத்தூரில் இருந்து அக்கா போனில் அழுதாள். "நீ ஏன்டி பேசாம இருக்க?" என்றாள். "சோறு வெந்துருச்சான்னு பாக்கணும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். சோறு உண்மையிலேயே வெந்துகொண்டுதான் இருந்தது.

திதியன்று கொழுந்தனார் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். மகள் தர்ஷினி வரவில்லை. அவளுக்குப் பதினாறு வயது.

"மா, எனக்கு ஸ்கூல்ல கோக்கு இருக்குலா. போவலன்னா மார்க் வெட்டிருவாங்க."

கோக்கு என்றால் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் விளையாட்டு, அணிவகுப்பு எல்லாம். அப்பனுடைய வருஷத் திதியைவிட அணிவகுப்பு பெரிது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை. அவளுடைய பங்கு வடையை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் அவளே சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

2

வீட்டில் நாங்கள் இருவர், அடையாள அட்டை இரண்டு நிறம். அவளுடையது நீலம், பிறந்ததிலிருந்தே குடிமகள். என்னுடையது சிவப்பு, நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவள். அந்தச் சிவப்புக்கே எத்தனையோ வருடம் நடந்தேன். நான் தமிழில் கேட்பேன். அவள் மலாயையும் ஆங்கிலத்தையும் பிசைந்து, மேலே கொஞ்சம் தமிழ் தூவிப் பதில் சொல்வாள். என் மொழியும் ஒன்றும் யோக்கியமாக இல்லை. போன தடவை அக்காவிடம், "கிரேத்தா ரிப்பேருக்குப் போயிருக்கு, டுவிட் வேற இல்ல" என்றேன். "அது என்னடி வியாதி?" என்றாள். காரும் காசும் என்று விளக்கினேன். பத்தொன்பது வருடம் கழித்தும் இங்கே இருப்பவர்களுக்கு நான் 'ஊர்க்காரம்மா'. ஊர் என்றால் இங்கே இந்தியா. அங்கே போனால் மலேசியாக்காரி. ரெண்டுங்கெட்டான் என்று சாத்தூரில் ஒரு சொல் உண்டு. இப்போது அதை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை, நான் போய் நின்றாலே போதும்.

சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பெயரெல்லாம் கடிதத் தலைப்பில்தான். லைனில் அதைக் 'காட்டாபிஸ்' என்பார்கள். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். நடுவில் ஒரு மடிப்பு மாதிரி காடும் ஓர் ஓடையும் தப்பித்துக் கிடக்கின்றன. அரசாங்க நிலம். அதைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டவும் சங்கத்துக்கு அனுமதி மட்டும் உண்டு. அந்த அனுமதியைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பிளாஸ்டிக் கூரை அங்கேயும் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்டுக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பல வருடத்துக்கு முன் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறு புகுந்தபோது என் கணவர் லோரியோடு போய் நாலு நாள் சேறு அள்ளினார். திரும்பி வந்து, "மேல மரம் போனா கீழ சேறுதான்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கொள்கை விளக்கம். அதன் பிறகுதான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். காட்டுக்குள் போகும் நடைபாதையை அவரும் இன்னும் நாலு பேரும் மண்வெட்டியால் போட்டார்கள். ஒரு மரத்தையும் வெட்டாமல் போட்டதால் அது நேராகவே போகாது.

அவர் போனதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். 'தற்காலிகமாக' என்று தீர்மானத்தில் எழுதினார்கள். அவருடைய பூட்ஸும் எனக்குத்தான் வந்தது. இரண்டு அளவு பெரிது. உள்ளே இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள்கிறேன்.

காலையில் போய் ஓடையில் மிதந்து வந்த உரப்பைகளைப் பொறுக்குவேன். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வரிசையாகக் கூட்டிப்போவேன். பாதையில் ஏழாவது இடத்தில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. பாதை இரண்டாகப் பிரிவதும் அங்கேதான். அதன் கீழே பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, என்ன சத்தம் கேட்டது என்று கேட்க வேண்டும். இது அவர் ஏற்படுத்திய பழக்கம். பறவை, தண்ணீர், காற்று என்று சொல்வார்கள். ஒரு பையன், "டீச்சர், லோரி சத்தம்" என்றான். உண்மைதான், கேட்டது.

3

இனி அந்தத் துணி.

பாதை தெரிவதற்காக மரங்களில் அடையாளம் கட்டியிருப்போம். பிளாஸ்டிக் நாடா கூடாது, அறுந்து ஓடையில் விழும். இதுவும் அவர் போட்ட விதி. அதனால் பள்ளி விளையாட்டு விழாவில் மிச்சமான கொடித்துணிகளைக் கட்டி வைத்திருந்தார். மழையில் நைந்து அவை ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. அவர் இறந்து நாலைந்து மாதம் இருக்கும், ஒரு பள்ளி வருவதற்கு முதல் நாள், கட்டுவதற்குத் துணி இல்லை. அலமாரியைத் திறந்தேன். மேலே அவருடைய மஞ்சள் வேட்டி இருந்தது.

தைப்பூசத்துக்கு வருடா வருடம் காவடி எடுக்கும்போது கட்டுவார். எட்டு முழம். நல்ல பளிச்சென்ற மஞ்சள், தூரத்திலேயே தெரியும். பாதை அடையாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி கிடைக்காது என்றுதான் நினைத்தேன். வேறு எதுவுமே நினைக்கவில்லை. கத்தரிக்கோலால் ஒரு நறுக்கு, பிறகு கையால் நீளவாக்கில் இழுப்பு. சர்ரென்று கிழிந்தது. பதினான்கு துண்டு. ஒவ்வொன்றாகக் கிழித்தேன், ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை.

மற்ற மரங்களுக்கு இரண்டு மூன்று சுற்று வந்தது. ஏழாவது மரத்துக்கு ஒரே சுற்றுதான். அத்தனை பெருத்த மரம். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு முனையைப் பட்டையின் வெடிப்பில் செருகிவிட்டு, மரத்தைச் சுற்றி நடந்து வந்து முடிச்சுப் போட்டேன். வீட்டுக்கு வந்து சங்கத்தின் படிவத்தில், அடையாளம்: மஞ்சள் துணி, பதினான்கு என்று எழுதினேன். படிவம் என்றால் எனக்குப் பிடிக்கும். கட்டம் கட்டமாகக் கேட்கும். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்காது.

4

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது.

முதலில் ஏழாவது மரத்தின் கீழே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. யாரோ தவறவிட்டது என்று எடுத்துப்போய் ரசத்தில் பிழிந்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு. பிறகு மரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதி, நடுவில் குங்குமம். பிறகு ஒரு செங்கல்லை நட்டு அதற்கும் ஒரு துணி. ஒரு நாள் அகல் விளக்கு. ஒரு நாள் சுருட்டு. சுருட்டைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. முனியாண்டி வந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். நான் பள்ளியில் படித்தபோது சாத்தூர்ச் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். புளியமரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்கள். ஒரு புளியமரத்தில் மட்டும் யாரோ மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமத்தை அப்பிவிட்டார்கள். மற்ற மரங்கள் எல்லாம் போயின. அதை வெட்ட மட்டும் எந்தக் கூலியாளும் கோடாரியைத் தூக்கவில்லை. சாலை அந்த இடத்தில் ஒதுங்கிப் போனது. அந்த ஒதுக்கத்தில் பஸ் சாயும்போதெல்லாம் நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பெருத்த மரம், மஞ்சள் துணி. இரண்டும் சேர்ந்தால் தமிழன் கும்பிடுவான் என்று தெரிந்த ஊரில் பிறந்தவள், பதினான்கு மரத்தில் மஞ்சளைச் சுற்றிவிட்டு, அடையாளம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. பதினான்கில் பதிமூன்று சும்மா இருக்க, இதை மட்டும் ஏன் பிடித்தார்கள்? மரம் பெரிதாக இருப்பதால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5

சங்கத்தின் செயலாளர் சாகுல் பாய். தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சங்கத்தின் கடிதங்கள் எல்லாம் ரொட்டி தட்டும் மேசைக்குப் பக்கத்தில்தான் எழுதப்படும். அரசாங்க மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த மாதத் தொடக்கத்தில் கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு கடிதம்.

"தங்கச்சி, செவ்வாக்கெழம ஆபீசர் எடத்தப் பாக்க வராங்க. அனுமதி புதுப்பிக்கிற விசயம். எல்லாம் சரி. ஆனா இந்த நாலாவது நிபந்தனைய பாருங்க."

படித்துக் காட்டினார். அந்த நிலத்தில் கட்டடமோ வழிபாட்டு இடமோ எந்த வகையிலும் இருக்கக் கூடாது. தொழுகை நடத்தும் சூராவும் கூடாது, கோயிலும் கூடாது. எல்லாருக்கும் ஒரே விதிதான். மீறினால் அனுமதி ரத்து.

"அந்தச் செங்கல்லு, வெளக்கு, துணி எல்லாம் அதுக்குள்ள போயிரணும். நான் போய் எடுத்தா நல்லாருக்காது. ஒரு முஸ்லிம் வந்து சாமிய தூக்கிட்டான்னு ஆயிரும். நீங்கதான் பேசணும்."

செவ்வாய்க்கிழமை. தேதியைப் பார்த்தேன். அவர் இறந்து நாட்காட்டிப்படி ஒரு வருடம் முடியும் நாள். பாய்க்கு அது நினைவில்லை. நானும் சொல்லவில்லை. மீ கோரேங் நூடுல்ஸ் ஒன்று கட்டிக் கொடுத்தார், மகளுக்கு என்று. வாங்கிக்கொண்டேன்.

காடு போனால் எனக்கு என்ன போகும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த நெளிந்த பாதை போகும். அவர் உட்கார்ந்து எழுந்திருக்காத கன்றுக் கொட்டகை போகும். இந்த நாட்டில் நான் தினமும் போவதற்கு என்று இருக்கிற ஒரே இடம் போகும். இத்தனையையும் கணக்காக நினைக்க முடிந்தது, பயம் மட்டும் வரவில்லை.

லைனில் பார்வதி அக்காவைப் பார்க்கப் போனேன். காய்கறித் தோட்டத்தில் தக்காளி பொறுக்கிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. என் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே அடுத்த வீட்டு அக்கா. விளக்கு வைப்பது அவர்தான் என்று தெரியும். விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"சாமிய தூக்க சொல்றியா, ஊர்க்காரம்மா? என் மருமவளுக்கு அங்கதான் வேண்டிக்கிட்டேன். சுகப்பிரசவம். ஒன்னுமில்லாமயா?"

"அக்கா, அது சாமி இல்ல. பாத தெரியறதுக்கு நான் கட்டுன துணி. அவரோட வேட்டி. நான்தான் கிழிச்சுக் கட்டுனேன்."

பார்வதி அக்கா கொண்டையை அவிழ்த்தார். பிறகு, "செல்வராசு வேட்டிக்கா நான் எலுமிச்சம்பழம் வச்சேன்?" என்றார். அதை முடிந்துகொண்டே, "போனாப் போவுது. அவனும் நல்லவன்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. எழுந்தேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"ஆனா ஒன்னு சொல்றேன். நாங்களா புடிச்ச சாமின்னு நெனைக்காத. ஒம் மவதான் மொதல்ல நின்னது. சனிக்கெழம சனிக்கெழம. கண்ண மூடிக்கிட்டு மரத்த தொட்டுக்கிட்டு நிப்பா. கைல போன்கூட இருக்காது. இந்தக் காலத்துப் புள்ள போன் இல்லாம ஒரு எடத்துல நிக்குதுன்னா, அங்க என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்? அதப் பாத்துட்டுதான் நான் மொத பழத்த வச்சேன்."

சனிக்கிழமை அவள் டியூஷனுக்குப் போவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாதையில் போனேன். இரண்டு ஜோடிக் காலுறைக்குள் கால் நழுவியது. ஆறாவது மரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து ஏழாவது தெரியும்.

தர்ஷினி டியூஷன் பையைக் கீழே வைத்திருந்தாள். விளக்கையும் செங்கல்லையும் மிதிக்காமல் ஒதுங்கி நின்றாள். வலது கையின் ஆள்காட்டி விரலைத் துணியில் ஓரிடத்தில் விட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. கும்பிடவெல்லாம் இல்லை. விரலை விட்டபடி நின்றாள், அவ்வளவுதான்.

என் பூட்ஸ் சத்தத்தில் திரும்பினாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

"இங்க என்னடி பண்ற?"

"சும்மா."

"சாமி கும்பிடுறியா?"

"சாமியா? மா, இது அப்பா வேட்டிலா."

துணியில் ஒரு சின்ன ஓட்டை. கரைக்குப் பக்கத்தில், ஓரம் கருகி.

"தைப்பூசத்துல சூடம் விழுந்துச்சு, ஞாபகம் இல்ல? நான் சின்னப் புள்ளயா இருக்கறப்ப. அப்பறம் ஒவ்வொரு வருசமும் அப்பா இந்த வேட்டி கட்டுனதும் நான் வெரல விடுவேன். கூசுதுடின்னு கத்துவாரு. எவ்ரி இயர், மா."

எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றாகக் கிழித்தேனே, அப்போதும் அந்த ஓட்டையை நான் பார்க்கவில்லை. அவள் பள்ளியோடு இந்தப் பாதையில் வந்திருக்கிறாள். நான்தான் முன்னால் நடந்து, இது அடையாளம், இதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். அவள் வரிசையில் நின்று ஏழாவது மரத்தில் தன் அப்பாவைப் பார்த்திருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"நீதான் கிழிச்சிட்டியே. அப்பறம் என்னாத்த சொல்றது?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வலித்தது. நன்றாகவே வலித்தது. பல்லுக்குப் போட்ட ஊசி இறங்கும்போது முதலில் வருவது வலிதான் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஏதோ உடம்புக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வருவதையும், துணியை அவிழ்க்க வேண்டியிருப்பதையும் சொன்னேன்.

"செவ்வாக்கெழமையா? அன்னைக்கு அப்பா..."

"தெரியும்."

"அதான் திதிக்கு வரல. அது ராங் டேட், மா. அப்பா அன்னைக்கு உயிரோட இருந்தாரு. என்ன லோரில ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போனாரு." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வேற யாரும் அவுக்க வேணாம். நான் அவுக்கறேன்."

7

செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

பனி விலகுவதற்குள் பார்வதி அக்கா வந்துவிட்டார். செங்கல்லின் முன்னால் நின்று, "சாமி, இங்க ஆபீசர் வராங்க. நம்ம தோட்டத்து முனிகிட்ட போய் இருந்துக்கலாம், வாங்க" என்று சொல்லிக் கூப்பிட்டார். செங்கல்லையும் விளக்கையும் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டித் தேயிலைப் பக்கம் போனார். சுருட்டை மறக்கவில்லை.

தர்ஷினி முடிச்சை நகத்தால் நெம்பினாள். பல நாள் மழையில் இறுகிப்போயிருந்தது. நேரம் எடுத்தது. நான் உதவப் போகவில்லை. அவிழ்த்ததும் சுருட்டிக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். சாகுல் பாய் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டி வந்திருந்தார். மரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "அல்லா மன்னிப்பான், முனியும் மன்னிக்கணும்" என்றார்.

அதிகாரி ஒரு மலாய் அம்மா. அவரை நாங்கள் மரியாதையாகப் புவான் என்றோம். என் வயதுதான் இருக்கும். கையில் அட்டையில் செருகிய எங்கள் சங்கத்துப் படிவம். என் கையெழுத்து அதில் இருந்தது. கொட்டகையைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், ஓடையில் கை நனைத்தார். பிறகு பாதையில் நடந்தார். மரத்தில் துணியைப் பார்க்கும்போதெல்லாம் பேனாவால் ஒரு கோடு போட்டார். கடைசி மரத்தில் நின்று கோடுகளை எண்ணினார்.

"தீகா பெலாஸ்," என்றார். பதிமூன்று. படிவத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். அதில் பதினான்கு. "சத்து லாகி மானா?" இன்னொன்று எங்கே?

அரசாங்க மலாய் தண்ணீர் பட்ட பாடாக இருந்த சாகுல் பாய் கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டார். நான் ஏழாவது மரத்தைக் காட்டினேன். எல்லாரும் திரும்பி நடந்து அங்கே வந்தோம். மரத்தைச் சுற்றித் துணி இருந்த இடம் மட்டும் பாசி பிடிக்காமல் வெளிறி ஒரு வளையமாகத் தெரிந்தது. பாய் துடைத்ததற்கும் மிஞ்சிக் கொஞ்சம் சிவப்பு இருந்தது. புவான் அதைப் பார்த்தார். கீழே செங்கல் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டபடி நின்ற என் மகளையும் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதை பிரியும் இடம் இதுதான், இங்கே அடையாளம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வழி தவறிவிடுவார்கள் என்று மலாயில் சொன்னார். படிவத்தில் பதினான்கு என்றால் பதினான்கு இருக்க வேண்டும். மறுபடி கட்டுங்கள், நான் நிற்கிறேன்.

தர்ஷினி ஜிப்பைத் திறந்தாள். துணியை எடுத்து மரத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு ஆளால் முடியாது. பட்டையின் வெடிப்பில் செருகத் தெரிந்தது எனக்குத்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"மா, அந்தப் பக்கம் போ. புடி."

மரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். ஒரு முனை என் கைக்கு வந்தது. இழுத்தேன். பைக்குள் சுருண்டு மடிந்திருந்த துணி எட்டவில்லை.

"இன்னும் கிட்ட வா மா. ஒட்டி நில்லு."

கன்னத்தை மரத்தில் வைத்து இரண்டு கையையும் நீட்டினேன். பட்டை குளிர்ந்து சொரசொரப்பாக இருந்தது. அது என் கன்னத்தில்தான் பட்டது, யாரோ ஒருவருடைய கன்னத்தில் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவள் விரல்கள் வந்து என் விரல்களைத் தொட்டன. துணியை வாங்கி முடிச்சுப் போட்டாள். போட்டு முடித்த பிறகும் என் கையை விடவில்லை. மரம் நடுவில் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகமும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

யாரோ அழுகிற சத்தம் கேட்டது. பாவம், பிள்ளை ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது, அழட்டும் என்று நினைத்தேன். சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. சாகுல் பாய் என் பக்கமாக ஓடி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்:

"தங்கச்சி, எதுக்கு இப்படி அழுவுறீங்க? அந்தம்மா கையெழுத்து போட்டுட்டாங்கலா."